மலையில் ஒரு நினைவிடம்: பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் 'சிலோன்காரங்க' என்று சொல்வார்களே, அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவள் நான். 1964 அக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பேர் பதிந்து இந்த மலைக்கு வந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தொடங்கியவைதான் இன்று டான்டீ என்று நாம் சொல்லும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள். 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பிப் பின்னால் வந்தவர்களும் இங்கே உண்டு. அவர்களில் பலரின் அக்கா, சித்தப்பா, பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். சிலர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

நான் கட்டட வரைபடம் போடும் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஒரு குடும்பம் கொடுத்த நான்கு சென்ட் இடத்தில், அங்கே செத்த பொதுமக்களுக்காகச் சிறிய நினைவிடம் அமைத்தோம். அதற்கப்புறம் பழனி மலைப் பக்கமிருந்தும் சிலர் வந்து எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கட்டுமானம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் செய்த தவறுகளும் இதில் இருக்கின்றன.

பட்டியல்

பெரும்பாலானவர்கள் தூணிலிருந்து தொடங்குகிறார்கள். எவ்வளவு உயரம், என்ன சிலை, யார் திறந்து வைப்பது என்று பேச்சு போகும். அதையெல்லாம் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வீடு வீடாகப் போய் உட்காருங்கள். இறந்தவர் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், எந்த நாள், எந்த இடம், சொன்னவர் யார். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

காலையில் போனால் பெண்கள் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். சாயங்காலம் தராசு முடிந்து வந்தபின் போங்கள். இரண்டு பேராகப் போவது நல்லது. ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. கேட்பவர் அதே ஊர்ப் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. சிலர் முதல் நாள் எதுவும் சொல்ல மாட்டார்கள், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுபடி போங்கள். ஒரு பாட்டி நான்காவது தடவைதான் தன் பேரனின் பெயரைச் சொன்னார். சொல்ல விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். பெயர் கல்லில் வருவதற்குக் குடும்பத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அங்கே இன்னும் உறவினர்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்கு இதனால் தொந்தரவு வரலாம் என்று பயப்படுகிறவர்களின் பயம் நியாயமானது.

இன்னொன்று. பெயர் வைக்கும் முன்பே இறந்த குழந்தைகள் வருவார்கள். தாயின் பெயரைப் போட்டு 'இன்னாரின் குழந்தை, 20 நாள்' என்று எழுதுங்கள். பட்டியலில் அதற்கும் ஒரு முழு வரி.

யாருக்கான கல்

நம்மிடம் நடுகல் மரபு இருக்கிறது. தொல்காப்பியம் அதை ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார்ப்பது, நாள் குறித்து எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. நடுவதற்கு முன்னால் மூன்று வேலை இருக்கிறது, நட்டபின் இரண்டு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். திறப்பு விழாவோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் குழுக்களுக்கு இதைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

ஆனால் நடுகல் வீரனுக்கு நட்ட கல். ஆநிரை மீட்டவன், போரில் விழுந்தவன், அவனுடைய பெயரையும் பெருமையையும் எழுதினார்கள். நம் நோட்டுப் புத்தகத்தில் இருப்பவர்கள் அப்படிச் சாகவில்லை. பதுங்குகுழிக்குள் பிள்ளையை அணைத்துக்கொண்டு இருந்தவர், பால்மாவுக்கு வரிசையில் நின்றவர், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன வீரத்தை எழுதுவது? வாளேந்திய சிலை, முழக்கம் எழுதிய தூண் எல்லாம் அந்தப் பிள்ளையை மறைத்துவிடும். அதனால் வீரக்கல்லின் வடிவத்தை அப்படியே எடுக்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

இந்த மலையிலேயே வேறொரு பாடம் இருக்கிறது. நீலகிரியின் குறும்பர்கள் இறந்தவருக்காக ஆற்றில் உருண்ட ஒரு கல்லைக் கொண்டுவந்து சிறு கல்திட்டையில் வைக்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ஓர் ஆளுக்கு ஒரு கல். செத்தவர் என்ன சாதித்தார் என்று அந்தக் கல் கேட்பதில்லை. அவர்களுடைய சடங்கை எடுத்து நாம் செய்ய நமக்கு உரிமை கிடையாது. பழைய கல்திட்டைகளின் பக்கம், அது கோத்தகிரியானாலும் பழனி மலையின் தாண்டிக்குடியானாலும், ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. ஆனால் 'ஓர் ஆளுக்கு ஓர் இடம்' என்ற அளவை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். எங்கள் நினைவிடத்தின் எல்லா அளவும் அதிலிருந்துதான் வந்தது.

வெளியூர் நினைவிடங்களில் பார்க்க வேண்டியவை

வடிவத்தைப் பார்த்து எழுதாதீர்கள், அவர்கள் எந்தக் கேள்விக்கு என்ன பதில் கண்டார்கள் என்று பாருங்கள். ஆர்மீனியாவில் யெரெவான் நகரக் குன்றில் ஆர்மீனிய இனப்படுகொலைக்காக 1967இல் கட்டிய நினைவிடத்தில் 12 கல் பலகைகள் ஒரு தீயைச் சுற்றிச் சாய்ந்து நிற்கின்றன. தீ பள்ளத்தில் இருப்பதால் பார்க்க வருபவர் படி இறங்க வேண்டும், தலை தானாகக் குனியும். பக்கத்தில் 100 மீட்டர் நீளச் சுவரில் அழிக்கப்பட்ட ஊர்களின் பெயர்கள். ஆட்களின் பெயர் முழுதாகக் கிடைக்காதபோது ஊரின் பெயர் போதும் என்பதற்கு அது வழி.

பொஸ்னியாவில் 1995 ஜூலையில் கொல்லப்பட்டவர்களுக்கான ஸ்ரெப்ரெனிகா நினைவிடத்தில் 8372 என்ற எண்ணைச் செதுக்கி, இது இறுதி எண்ணிக்கை அல்ல என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். எலும்புகள் அடையாளம் காணப்படும்போது ஒவ்வொரு ஜூலை 11லும் புதிய அடக்கம் நடக்கிறது. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்கான கிகாலி நினைவிடம் 2004இல் திறந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கம். அதே நாட்டில் நியமாட்டா தேவாலயத்தில் செத்தவர்களின் உடைகளை இருக்கைகளின் மேலேயே வைத்திருக்கிறார்கள். அது கொலை நடந்த இடம், அங்கே அது சாட்சி. நாம் கொலை நடந்த இடத்திலிருந்து கடல் தாண்டி இருக்கிறோம். இங்கே எலும்பையும் இரத்தத்தையும் சிமெண்டில் செய்து வைத்தால் அது பொய்யாகத் தெரியும்.

பெர்லினில் நாஜிகள் கொன்ற யூதர்களுக்காக 2005இல் திறந்த நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் கட்டைகள், ஒன்றில்கூடப் பெயர் இல்லை. பெயர்களும் கதைகளும் நிலத்துக்கு அடியில் உள்ள தகவல் கூடத்தில். கட்டிக்கொண்டிருந்தபோதே 2003இல், கிறுக்கல் ஒட்டாமலிருக்கப் பூசும் மருந்தைக் கொடுத்த நிறுவனத்தின் பழைய துணை நிறுவனம்தான் நாஜிகளின் விஷவாயுவைத் தயாரித்தது என்று தெரிந்து வேலை கொஞ்ச நாள் நின்றது. கல் யார் கொடுக்கிறார்கள், பணம் யாருடையது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் 2021இல் நடந்த புதுப்பிப்பு, எதைச் செய்யக் கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டு. 1919இல் சிப்பாய்கள் நுழைந்த அந்தக் குறுகிய சந்தின் சுவர்களில் சிரித்த முகச் சிற்பங்களை வைத்ததும் ஒளி ஒலிக் காட்சி சேர்த்ததும் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. சந்தின் குறுகலே அங்கே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது.

நிலமும் காகிதமும்

2013 நவம்பரில் தஞ்சாவூர் விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் திறந்த சில நாட்களிலேயே, அரசு நிலத்தில் இருக்கிறது என்று சொல்லி அதன் சுற்றுச்சுவரையும் பூங்காவையும் இடித்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் எழுப்பிய நினைவுத்தூண் 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தபின் அடிக்கல் திரும்ப நடப்பட்டு, அதே வருடம் ஏப்ரலில் மறுபடி எழுந்தது. இப்படிப்பட்ட இடத்துக்கு எதிர்ப்பு வரும் என்று எண்ணிக்கொண்டே காகிதங்களைச் சேருங்கள்.

பட்டா யார் பேரில், வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு, சர்வேயரை வைத்து அளந்து நட்ட எல்லைக்கல், புல வரைபடம். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் அது பழைய ஜமீன் வழி வந்த ஜென்ம நிலமா, செக்‌ஷன் 17 நிலமா என்று முதலில் பாருங்கள். ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் உரிமை வழக்குகள் தீராத இடத்தில் கட்டினால் கல்லும் வழக்கில் சேர்ந்துவிடும். பழங்குடி மக்களின் சுடுகாடோ கோயிலோ பக்கத்தில் இருந்தால் அவர்களின் மூப்பரிடம் போய்ப் பேசுங்கள். நாம் இந்த மலைக்கு வந்தபோது சில இடங்களில் அவர்கள் மேய்ந்த, உழுத நிலத்தில்தான் குடிவைக்கப்பட்டோம். நம் இழப்பைச் சொல்லும் இடம் அவர்கள் இழப்பின் மேல் நிற்கக் கூடாது.

நீலகிரியில் கட்டடம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. உயரத் தூண் கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு விதியே பதில் சொல்லிவிடும், எனக்கு அதில் வருத்தமில்லை. 'ஹாகா' என்று சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்களில், கொடைக்கானல் பக்கம் உட்பட, அதன் அனுமதியும் தேவைப்படலாம். உங்கள் கிராமம் அதில் இருக்கிறதா என்று நகரமைப்பு அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். மரம் வெட்டத் தனி அனுமதி. ஜேசிபி கொண்டுவருவதற்கும் அனுமதி வேண்டும். நாங்கள் எந்திரமே இல்லாமல், கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டினோம். நான்கு சென்ட்டுக்கு அது போதும்.

சொல் பற்றியும் ஒன்று. இனப்படுகொலை என்பது சட்டச் சொல். 1944இல் ரஃபேல் லெம்கின் உருவாக்கிய ஆங்கிலச் சொல்லை ஐ.நா. 1948 டிசம்பர் 9 உடன்படிக்கையில் வரையறுத்தது: ஓர் இனத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் அதில் முக்கியம். இலங்கை அரசு இந்தச் சொல்லை மறுக்கிறது. வட மாகாண சபை 2015 பிப்ரவரி 10இல் இது இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது. கனடா நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐ தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. 2025 மே மாதம் பிராம்டன் நகரில் நினைவுச்சின்னமும் திறந்தது. நாங்கள் அந்தச் சொல்லைக் கல்லில் எழுதினோம். எழுதும்போது எந்த அமைப்பின் கொடியும் சின்னமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதலைப் புலிகள் இயக்கம் 1992 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது, ஒரு சின்னத்தால் முழு நினைவிடமும் வழக்கில் மாட்டும். அதைவிடப் பெரிய காரணம், இது குடிமக்களுக்கான இடம்.

எண்ணிக்கை எழுதினால் யார் சொன்னது என்று சேர்த்து எழுதுங்கள். 2011இல் ஐ.நா. செயலரின் நிபுணர் குழு 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது, 2012இல் ஐ.நா.வின் உள் ஆய்வு 70,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கணக்கு இல்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது, மன்னார் ஆயராக இருந்த ராயப்பு ஜோசப் 1,46,679 பேரின் கணக்கு எங்கே என்று கேட்டார். மூன்றும் மூன்று விதமான கணக்கு. ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டால் மறுப்பவர்களுக்கு அதுவே பிடி. நாங்கள் சுவரில் எண்ணே போடவில்லை, உள்ளே வைத்திருக்கும் கையேட்டில் மூன்றையும் எழுதினோம்.

இடம் தேர்வது

முதலில் நாங்கள் மேட்டின் உச்சியைத்தான் பார்த்தோம். எல்லோர் கண்ணுக்கும் தெரியுமே என்று. ஒரு ஆடி மாதம் போய் நின்றபோது, காற்றில் நிற்கவே முடியவில்லை, விளக்கு எங்கே ஏற்றுவது? உச்சியை விட்டுக் கொஞ்சம் கீழே, தென்மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டிய சரிவுக்கு வந்தோம். இப்போது யோசித்தால் அதுதான் சரியான இடம். சாலையிலிருந்து தெரியாது. தெரிந்து வருகிறவர்கள் மட்டும் வருவார்கள், படம் எடுக்க யாரும் நிற்பதில்லை.

ஒரே நாளில் இடம் முடிவு செய்யாதீர்கள். கூடலூரில் ஜூன், ஜூலை மழையில் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோதனை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். நினைவிடம் கட்டப் போய்ச் சரிவைப் பலவீனமாக்குவதை எந்தக் காரணத்தாலும் மன்னிக்க முடியாது. மலையை வெட்டிச் சமதளம் ஆக்காமல், படிப்படியாக இரண்டு மூன்று தளமாக அமையுங்கள். தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு உடைகல் நிரப்பி, ஆறடிக்கு ஒன்றாக நீர் வெளியேறும் துளை விடுங்கள். மேலிருந்து வரும் ஓடையைத் திருப்பாதீர்கள். யானைத்தாரை, சோலை ஓரம், இரண்டையும் தவிருங்கள்.

நடந்து வரும் வழி

நாங்கள் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து பெயர்ச் சுவர் வரை வேண்டுமென்றே 70 அடி விட்டோம். தேயிலை வேலியை ஒட்டிய ஒற்றையடி வழி. பேசிக்கொண்டே வருகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், அதற்கு அறிவிப்புப் பலகை தேவைப்படவில்லை. வழி இருவர் தோளோடு தோள் நடக்கும் அகலம் இருக்கட்டும், பாட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வர வேண்டும். சரிவுப் பாதை ஓர் அடி ஏற 12 அடி நீளம். படி வைத்தே ஆக வேண்டிய இடத்தில் உயரம் ஆறு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், இரு பக்கமும் கைப்பிடி. பனிமூட்டத்தில் படியின் விளிம்பு தெரியாது. விளிம்புக்கு வெளிர்நிறக் கல் போடுங்கள்.

தரைக்குப் பாலிஷ் போட்ட கறுப்புக் கல் போடும்படி எங்களுக்கு ஒருவர் ஆலோசனை சொன்னார், முன்னால் ஒரு பத்தடிக்குப் போட்டும் விட்டோம். முதல் மழையிலேயே ஒரு அம்மா வழுக்கி விழுந்தார். கையில் எலும்பு முறிவு. அவர் தம்பியின் பெயரைப் பார்க்க வந்தவர். மறுநாளே அந்தக் கற்களைப் பெயர்த்தோம். தரைக்குச் சொரசொரப்பாகக் கொத்திய கல் மட்டும்தான்.

பெயர்ச் சுவர்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

நீலகிரி, பழனி மலைகளின் உடம்பு பெரும்பாலும் சார்னோகைட் என்னும் பாறை. நீலம் கலந்த கரும்பச்சைச் சாம்பல் நிறம், பழகப் பழக வெளியில் பழுப்பேறும். அந்தப் பெயரே ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் பல்லாவரத்துப் பாறையில் வெட்டியது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்கு அவர் பெயரையே வைத்தார். இதற்காகவே நான் அந்தக் கல்லைக் கேட்டேன். ஆனால் மலையில் புதிதாகப் பாறை உடைக்கக் கூடாது. இடித்த பழைய கட்டடங்களின் கல் கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் மேட்டுப்பாளையம் வழியாகக் கீழிருந்து அனுமதி உள்ள குவாரிக் கல். எங்கள் அடிவாரச் சுவர் முழுக்க இடித்த ஒரு பழைய கோடவுனின் கல்.

பெயர் எழுதும் பலகைக்குப் பாலிஷ் வேண்டாம். பனியில் கல் வியர்த்தால் பாலிஷ் பரப்பில் எழுத்தே தெரியாது. மெல்ல இழைத்த, பளபளப்பில்லாத முகம் போதும். எழுத்தைப் பெயிண்டால் நிரப்பாதீர்கள், இரண்டு மழையில் உரிந்து அழுக்காகும். ஆழமாக வெட்டினால் நிழலே எழுத்தைக் காட்டும். தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும் அதிகம். 'ணி', 'ஞா' போன்றவற்றில் சிறிய அளவில் வெட்டினால் சுழி உடைந்துவிடும். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத எழுத்து, மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழம். புள்ளியைக் கல்தச்சர் மறந்துவிடுவார், அதை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

நீளம் கணக்கிடுவது எளிது. நம் அம்மாக்களின் கை எட்டும் உயரம்தான் அளவு: தரையிலிருந்து 60 செ.மீ. முதல் 165 செ.மீ. வரை. வரிக்கு 4.2 செ.மீ. விட்டால் 25 வரி. பெயர், வயது, ஊர் மூன்றும் ஒரே வரியில் வர 60 செ.மீ. அகலம். ஆக 25 பெயருக்கு 60 செ.மீ. 300 பெயருக்கு 7.2 மீட்டர், 1,000 பெயருக்கு 24 மீட்டர். இதற்குமேல் போனால் சுவரை உயர்த்தாதீர்கள், மடக்குங்கள். எட்டாத உயரத்தில் ஒரு பெயரை வைத்தால் அதைத் தொட முடியாத ஒரு தாய் கீழே நிற்பார்.

எந்த வரிசையில்? அகரவரிசை தேடுவதற்கு எளிது. ஆனால் ஒரே நாளில் செத்த தாயும் மூன்று பிள்ளைகளும் நான்கு மூலையில் கிடப்பார்கள். வாஷிங்டனில் மாயா லின் வடிவமைத்து 1982இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இறந்த நாள் வரிசையில் இருக்கின்றன, ஒன்றாக விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில். நாங்கள் ஊர்வாரியாகவும், ஊருக்குள் குடும்பமாகவும் வைத்தோம். தேடுவதற்கு அகரவரிசைப் பட்டியல் ஒன்றை லேமினேட் செய்து மாடத்தில் வைத்திருக்கிறோம். பட்டம், பதவி, சாதிப் பெயர் எதுவும் இல்லை, எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்து. இதில் சண்டை வரும், பணம் கொடுத்தவர் தன் அண்ணன் பெயரைப் பெரிதாகக் கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெட்டக் கொடுக்கும் முன், முழு அளவில் காகிதத்தில் அச்சடித்து, சமுதாயக் கூடத்தின் சுவரில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். குடும்பத்தில் இரண்டு பேராவது வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் இதை முதல் பலகைக்குச் செய்யவில்லை. ஓர் அக்காவின் பெயரில் 'ன' வர வேண்டிய இடத்தில் 'ண' வந்துவிட்டது. அவருடைய தங்கை அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றதை நான் மறக்க முடியாது. பலகை முழுவதையும் மாற்றினோம். செலவு பெரிது, ஆனாலும் ஒட்டுப்போட்ட பெயரை வைக்க மனம் வரவில்லை.

கடைசியில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு இடத்தை வெறுமையாக விடுங்கள்.

மேலே ஒரே ஒரு வரி எழுதினோம், எங்கே, எப்போது, யார் என்று. தமிழில் பெரிதாக, அதே வரி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். சிங்களம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 1983இல் எங்கள் பெரியம்மாவை மூன்று நாள் தன் வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது ஒரு சிங்களக் குடும்பம். அப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளை என்றாவது இங்கே வந்தால் வாசிக்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னார், அதோடு பேச்சு முடிந்தது.

விளக்கு, கஞ்சி, கரடி

அணையாத தீ வேண்டாம். எரிவாயு உருளை, காற்று, காவல் என்று தீராத தொல்லை. சுவரின் காற்று படாத பக்கத்தில் வீட்டு மாடம்போல ஓர் அடி ஆழத்தில் குழி விட்டு, அதில் விளக்கு வைக்கச் செய்தோம். எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கோயில் விளக்கு எண்ணெயைக் கரடி குடித்துவிட்டுப் போவது எல்லோருக்கும் தெரியும். அதனால் மாலை ஆறு மணிக்குள் விளக்கை எடுத்துத் துடைத்துவிட வேண்டும். எண்ணெயை அங்கே சேமிக்கக் கூடாது. மெழுகுவத்தியாக இருந்தால் நல்லது. காட்டெருமை ஏறி வராதபடி உயிர்வேலி போதும், முள்கம்பி போடாதீர்கள். முள்கம்பிக்குள் முகாமில் இருந்தவர்கள் இங்கே வருகிறார்கள்.

மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்ச வேண்டும். அரிசி, தண்ணீர், உப்பு. கடைசி நாட்களில் அதுதான் கிடைத்தது. அதனால் வரைபடத்தில் முதலிலேயே ஓர் அடுப்படி போடுங்கள்: மூன்று கல் அடுப்பு, பத்துக்கு எட்டடியில் தகரக் கூரை, தண்ணீர்க் குழாய், கழுவும் இடம். அந்த நாட்களில் மலையில் மத்தியானம் இடிமழை பெய்யும், கூரையும் இடிதாங்கியும் அவசியம். வருகிறவர்களுக்குச் சிரட்டையில் கஞ்சி கொடுக்கிறோம். பிளாஸ்டிக் தம்ளரை இந்த மாவட்டத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதோடு, சிரட்டையில் குடிக்கும்போது யாரும் அவசரப்படுவதில்லை. மே மாதம் சீசன். மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி என்று சாலை நெரியும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வேண்டும், கொடைக்கானலுக்கும் அப்படியே. கீழிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். விடிகாலையில் ஏறிவிடச் சொல்லுங்கள்.

செடி

குறிஞ்சியை வைக்கலாம். இங்கே 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030. ஆனால் நிழல் இல்லாத புல்வெளிச் செடி அது. மரத்தடியில் வைத்தால் வராது. காட்டிலிருந்து பிடுங்காமல் நாற்றுப் பண்ணையில் கேளுங்கள். யூகலிப்டஸ், சீகை (வாட்டில்) மரங்களின் பக்கம் சுவர் கட்ட வேண்டாம். பூந்தொட்டி வரிசை, புல்தரை எதுவும் தேவையில்லை, யாரோ தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

கட்டியபின்

மூன்று பேர் பெயரில் அறக்கட்டளை பதியுங்கள், ஒருவராவது 30 வயதுக்குக் கீழே இருக்கட்டும். திரட்டிய பணத்தில் நான்கில் ஒரு பங்கைக் கட்டுமானத்துக்குத் தொடாமல் வங்கியில் போட்டு, அதன் வட்டியில் பெருக்குபவருக்குச் சம்பளம். பாசி மலையில் எப்படியும் வரும். வருடத்துக்கு இரண்டு முறை, தண்ணீரும் தேங்காய் நார் பிரஷும் கொண்டு தேய்த்தால் போதும். ஆசிட், கம்பி பிரஷ் இரண்டும் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். ஐப்பசிக்கு முன் நீர்த்துளைகளைக் குச்சி விட்டுக் குத்திப் பாருங்கள்.

எழுத்துருக் கோப்பு, ஒரு பெயரின் முழு அளவுத் தகட்டு அச்சு, எந்தக் குவாரிக் கல் என்ற ரசீது, மூன்றிலும் இரண்டு படி எடுத்து, இரண்டு தகரப் பெட்டிகளில் போட்டு, பெருக்குபவர் வீட்டில் ஒன்றும் அறக்கட்டளையிடம் ஒன்றுமாக வையுங்கள். போன வைகாசியில் கொளப்பள்ளியிலிருந்து ஒருவர் இரண்டு பெயரோடு வந்தார், அவருடைய அத்தையும் அத்தை மகனும், மகனுக்கு 11 வயது. நோட்டில் எழுதி, காகிதம் ஒட்டி, ஒரு மாதம் காத்திருந்து, கல்தச்சரைக் கூப்பிட்டோம். பெட்டியிலிருந்த தகட்டை வைத்து அவர் அரை நாளில் வெட்டி முடித்தார். இன்னும் 31 வரிகள் வெறுமையாக இருக்கின்றன.